உப்புத் தண்ணீரில் செத்த கிருமிகள்

செத்துப்போன கிருமிகளை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக்கில் இருந்த நஞ்சு நீங்கிவிட்டது என்று சொன்னவள் நான். முதல் முறை தெரியாமல் சொன்னேன். அதன்பிறகு தெரிந்தே சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் சுற்றிவளைத்து என்னையே நல்லவளாக்கிக்கொள்வேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

பழைய டிவிப் பெட்டியின் கறுப்பு உறையைப் பார்த்திருப்பீர்கள். எளிதில் தீப்பிடிக்கக் கூடாதென்று அதில் புரோமின் சேர்ந்த ரசாயனம் கலந்திருப்பார்கள். உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாத நஞ்சு. அதனால் அதை உருக்கி வேறு பொருள் செய்யக் கூடாது. அந்தப் புரோமினைப் பிய்த்தெடுக்கும் நுண்ணுயிர்களை வளர்ப்பதுதான் என் ஆராய்ச்சி. வேலூரில், கல்லூரி ஆய்வகத்தின் குடுவைக்குள் அவை வேலை செய்தன. உண்மையாகவே செய்தன! அதையாவது நம்புங்கள்.

விக்டோரியா என் பள்ளித் தோழி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தவள். கம்பெனி மூடியதும் கூட வேலை செய்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய டிவிகளை உடைத்துப் பிரிக்கும் ஷெட் ஒன்று போட்டாள். கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும் வாங்க ஆளில்லாமல் குவிந்து கிடந்தது.

"உன் பூச்சிங்கள இங்க கொண்டாந்து உடுடி. துன்னுட்டுப் போவட்டும்" என்றாள்.

கொண்டுபோனேன். தொட்டியில் பிளாஸ்டிக் தூளைக் கொட்டி, போர் தண்ணீரை நிரப்பி, நுண்ணுயிர்களை விட்டோம். சில வாரங்கள் கழித்து அந்தத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் சொட்டினேன். புரோமின் பிரிந்திருந்தால் தண்ணீர் கலங்கும். கலங்கியது! விக்டோரியா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். உருக்கிய பிளாஸ்டிக்கைப் பொம்மை செய்கிறவர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஆம்பூர்த் தண்ணீர் எப்படிப்பட்டது? தோல் பதனிடும் ஊர்... நிலத்தடியெல்லாம் உப்பு. உப்பு இருந்தாலும் சில்வர் நைட்ரேட் பட்டால் தண்ணீர் கலங்கத்தான் செய்யும். உப்புக்கு வெள்ளை, புரோமினுக்கு இளமஞ்சள். படித்துப் பாஸானவள்தானே நான்? ஆசை முற்றிய கண்ணுக்கு வெள்ளையே மஞ்சளாகத் தெரிந்தது.

பிறகொரு நாள் ஏதோ உறுத்தியது. எதுவும் போடாத வெறும் போர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன். அதே கலங்கல். தொட்டித் தண்ணீரை எடுத்துப்போய் ஆய்வகத்தில் அதிலிருந்த கிருமிகளை வளர்த்துப் பார்த்தேன். ஒன்றுகூட உயிரோடு இல்லை.

என் அப்பா ஆயுள் முழுக்கத் தோல் மண்டியில் உப்புப் போட்டவர். பச்சைத் தோலில் எதற்காக உப்பைக் கொட்டுகிறார்கள்? கிருமி பிழைக்கக் கூடாது என்றுதான்! எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த உப்பைக் கழுவிக் கழுவித்தான் எங்கள் தண்ணீரே இப்படியானது. அவருடைய மகள், தன் கிருமிகளைக் கொண்டுபோய் அதே உப்பில் விட்டாள். இவளுக்கு ஒரு டாக்டர் பட்டம்... தூ!

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஷெட்டை மூடினால் அந்தப் பெண்களின் கதி என்ன என்று யோசித்தேன் என எழுத ஆசையாக இருக்கிறது. பொய். இந்தச் சாதனைக்காகக் கல்லூரியில் எனக்குப் போர்த்திய சால்வையைத்தான் யோசித்தேன்.

விக்டோரியாவுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்தவள் ஏஞ்சல். அண்மையில் நான் போனபோது அவளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு கறுப்புக் கிலுகிலுப்பை.

"நம்ம பிளாஸ்டிக்குதான், டாக்டரு! பொம்மைக்காரரு ஒரு மூட்ட குடுத்துட்டுப் போனாரு" என்று பெருமையாகச் சிரித்தாள் விக்டோரியா. "எந்நேரமும் வாய்லயே வெச்சினு கெடக்குறா. ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒண்ணும் ஆவாது" என்றேன்.

என் குரல் நடுங்கக்கூட இல்லை. நான் என்ன ஜென்மம்? சொல்லுங்கள்!

அவள் டீ போட உள்ளே போனாள். குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஈறு பதிந்த இடத்தில் எச்சில் இன்னும் ஈரமாக இருந்தது. ஏஞ்சல் வீறிட்டு அழ, தூக்கித் தோளில் போட்டுச் சமாதானம் செய்தேன், ரொம்ப அக்கறையுள்ளவள் மாதிரி.

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் அதை ஜன்னல் வழியாக வீசினேன். அப்பாடா என்றிருந்தது. சந்தையில் வாங்கி இன்னும் எத்தனை பிள்ளைகள் கையில் அதே மாதிரி இருக்குமோ... அதை நினைக்கவே இல்லை. ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டேனாம்! வெட்கங்கெட்ட நிம்மதி.

வீட்டுக்குள் நுழையும்போதே விக்டோரியாவிடமிருந்து போன்.

"நீ போனதுலேர்ந்து அழுது ஒரே பேஜார் பண்ணிட்டாடி. அந்தக் கிலுகிலுப்ப எங்க போச்சின்னே தெர்ல."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா? நம்மகிட்ட இல்லாததா? மூட்டயப் பிரிச்சி ரெண்டு கைக்கும் ஒண்ணு ஒண்ணு குடுத்துட்டேன். இப்பதான் சிரிக்கிறா. கேக்குதா?"

கேட்டது.

"கேக்குது" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை... இன்றுவரை.