தயாளன் வீட்டு மொட்டைமாடிக்கு நல்வரவு

அமிர்தி காட்டுக்குப் போகும் வழியில், ஓடையோரம் எனக்கென்று ஒரு பாறை உண்டு. பத்து வருடமாக ஞாயிறுதோறும் அதுதான் என் சிம்மாசனம்.

ஒரே ஒரு முறை இரக்கப்பட்டு, பக்கத்து வீட்டுத் தயாளனை அங்கே அழைத்துப்போனேன். மனிதர் அதைப் படம் பிடித்து, 'யாருக்கும் தெரியாத சொர்க்கம்' என்று போன் மேப்பில் ஏற்றிவிட்டார்.

போன ஞாயிறு பாதித் தமிழ்நாடு என் பாறைமேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டது. மீதிப் பாதி செல்ஃபிக்கு வரிசையில் நின்றது.

நான் சண்டை போடவில்லை. எங்கள் சத்துவாச்சாரித் தெருவில் இருக்கும் அவர் வீட்டு மொட்டைமாடியை அதே மேப்பில் ஏற்றினேன். 'மலைக்காட்சி, மாலைக்காற்று, அனுமதி இலவசம். குடும்பத்தோடு வரலாம்.' ஐந்து நட்சத்திரமும் நானே கொடுத்தேன்.

இன்று சாயங்காலம் இரண்டு வேன் வந்து நின்றது. தயாளன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியை மறித்தார். வேனில் வந்த ஒரு அம்மா அவரையே கேட்டார்: "இன்னாங்க, டாய்லெட் எந்தப் பக்கம்?"

பத்தாவது நிமிடம் தயாளன் என் வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"அண்ணே, எவனோ பேஜார் பண்ணிட்டான். இத்த மேப்புல இருந்து எடுக்கத் தெரியுமா?"

"தெரியும்பா. மொதல்ல நீ என் பாறைய எடு."

என்னை ஒரு யுகம் முறைத்தார். பிறகு என் கண்ணெதிரே எடுத்தார்.

நான் இன்னும் மாடியை எடுக்கவில்லை. இந்த ஞாயிறு மழை இல்லை என்கிறார்கள். யார் யார் வருகிறீர்கள்?