மாமனாருக்குத் தெரியாத முழங்கால்

1958ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் நண்பர் ஒருவருடன் தங்கியிருந்தேன். கல்யாணத்துக்குச் சரியாக மூன்று வாரம் இருக்கும்போது, ஃபேரர் பார்க் திடலில் பந்தை விரட்டிக்கொண்டு ஓடியவன், உடம்பை ஒரு பக்கமும் முழங்காலை இன்னொரு பக்கமும் திருப்பிக்கொண்டு விழுந்தேன்.

விழுந்ததுகூடப் பரவாயில்லை. நான் அன்று ஆடியிருக்கவே கூடாது. நிச்சயதார்த்தத்தின்போதே என் வருங்கால மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்: "மாப்ள, இந்தப் பந்து வெளாட்டை மட்டும் விட்டுடுங்க. கால் போயி வர்றவனுக்கெல்லாம் கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டு எனக்கு அலுத்துப் போச்சு." நானும் சபையில் தலையாட்டியிருந்தேன்.

அவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெசர். காயங்களுக்கு மருந்து வைத்துக் கட்டுவது அவர் வேலை. இருபத்தைந்து வருட அனுபவம். ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். ஆகவே முழங்காலைத் தூக்கிக்கொண்டு நான் போகக்கூடாத ஒரே இடம் ஆஸ்பத்திரி.

அறை நண்பர் கைவைத்தியத்தில் இறங்கினார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, தன் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார். காலையில் பார்த்தால் கட்டைச் சுற்றி எறும்புச் சாரை. பிரித்தபோது கால்முடி பாதி கட்டோடு வந்தது. வீக்கம் மட்டும் வரவில்லை. அது அப்படியே இருந்தது.

மணவறையில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அக்கினியைச் சுற்ற வேண்டும். நொண்டிக்கொண்டு சுற்றினால், வாக்குத் தவறியவன் என்று முகூர்த்த நேரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெண் கொடுப்பாரா மனிதர்?

கடைசியில் கேலாங்கில் ஒரு சந்துக்குள் இருந்த சீன வைத்தியரிடம் போனேன். சின்சே என்பார்கள். நம்மவர்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள் என்ற தைரியம்தான். அவர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், சிரித்தார், ஒரு திருகு திருகினார். நான் அலறியதில் வாசலில் நின்ற பூனை ஓடிவிட்டது. பிறகு தார் போன்ற ஒரு கறுப்புப் பசையைச் சூடாக அப்பிக் கட்டினார். அதன் வாசனையைச் சொல்லி விளக்க முடியாது. கற்பூரமும் கருவாடும் ஒரே பெட்டியில் கிடந்தால் வரும் வாசனை என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இரண்டாம் முறை போனபோது கடையில் கூட்டம். கால்சட்டையைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர், ஆவி பறக்கும் கஷாயம் நிறைந்த பேசினுக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை முக்கிக்கொண்டு, தலையில் துண்டைப் போர்த்திக் குனிந்திருந்தார். சின்சே அவரிடம் இன்னும் வலிக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

"சிக்கிட் சிக்கிட்," என்றது துண்டு. கொஞ்சம் கொஞ்சம் என்று அர்த்தம்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எழுந்து ஓடலாம் என்றால் கால் ஒத்துழைக்கவில்லை. அதற்குள் துண்டு நழுவியது. என் மாமனார்!

அவரால் முகத்தை மூட முடியவில்லை; கை பேசினுக்குள். என்னால் முழங்காலை மூட முடியவில்லை, கால்சட்டை மேலே.

"இங்க என்ன பண்றீங்க மாப்ள?"

"கூட்டாளி ஒருத்தரைப் பாக்க வந்தேன் மாமா."

அவர் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு பேசினைப் பார்த்தார்.

"நானும் அப்படித்தான்," என்றார்.

சின்சேக்கு ஒரே சந்தோஷம். அப்பாவும் மகனுமா என்று விசாரித்தார். மாமனார் மறுபடி பேசினுக்குள் குனிந்துகொண்டார்.

வெளியே காப்பிக் கடையில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், அவரால் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. விரல் மூட்டுகள் இஞ்சி போல் வீங்கியிருந்தன. நான் போட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ரெண்டு வருஷமா இப்படித்தான். கட்டு முடிச்சுப் போட வர்ல. பக்கத்துல இருக்கற பையன் போட்டுடறான், நான் போட்டதா எழுதிக்கறேன். டாக்டருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மாப்ள. பொண்ணு கல்யாணம் முடியணுமே."

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பந்து விளையாடியதை ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மேசைக்கு அடியில் குனிந்து என் முழங்காலை அந்த வீங்கிய விரல்களால் மெதுவாகத் தடவிப் பார்த்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கு. சவ்வுதான் பிசகியிருக்கு. மடக்கவே கூடாது," என்றார். "மணவறைக்கு நான் ஏதாவது பண்றேன். நீங்க வாயைத் தொறக்காதீங்க."

மறுநாள் அவர் வீட்டில் ஒரு குண்டு வெடித்தது. பரம வைதீகரான மனிதர், புரோகிதர் வேண்டாம், சீர்திருத்தத் திருமணம்தான் என்று அறிவித்துவிட்டார். மேடை, மைக், நாற்காலி. முக்கியமாக நாற்காலி. மாமியார் அழுதார். உறவினர் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு பத்திரிகையைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் அசையவில்லை.

கல்யாணத்தன்று பேச வந்த ஒருவர், "பழமையின் கோட்டையைத் தகர்த்தெறிந்த இந்தப் பெரியவரின் நெஞ்சுரம்!" என்று அரை மணி நேரம் முழங்கினார். ஒரே கைதட்டல். மாமனார் கைகளை மாலைக்குள் ஒளித்துக்கொண்டு புரட்சிக்காரர் போல நிமிர்ந்து நின்றார். நான் காலை நீட்டி நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மணப்பெண் என் பக்கம் லேசாகச் சாய்ந்தாள். அதுவரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முதல் வார்த்தையாகக் காதில் கேட்டாள்:

"எங்கப்பா சட்டையில அடிக்கற அதே வாசனை உங்க மேலயும் அடிக்குதே. உங்களுக்கு எங்க வலி?"

அவள்தான் அப்பாவின் சட்டைகளைத் துவைப்பவள். இரண்டு வருடமாக எல்லாம் தெரியும். அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். மறுவாரம் அவளே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். வேலை போகவில்லை. டாக்டர் நல்ல மனிதர். மருந்துகளைப் பதிவு செய்யும் மேசைக்கு மாற்றிவிட்டார். ஓய்வு பெறும்வரை மாமனார் அங்கேதான் இருந்தார். என் முழங்கால் தேற இன்னும் இரண்டு மாதமானது.

இப்போதும் வீட்டில் யாராவது "ஒண்ணும் இல்ல, லேசான வலிதான்" என்று சொன்னால் நான் அதை அப்படியே விட்டுவிடுவதில்லை; வலியைவிட அதை மறைக்கத்தான் அதிகம் கஷ்டப்படுகிறோம் என்று அந்தக் காப்பிக் கடையில் ஒரு பித்தானைப் போட்டுவிட்டபோது தெரிந்துகொண்டவன் நான்.