விஜயகுமாரியின் நாற்பது நிமிஷம்

விஜயகுமாரியை நான் முதன்முதலில் பார்த்தது, என் பந்து அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்த அன்றைக்கு.

எங்கள் தீவில், புரோத்ராபூரைத் தாண்டி, சதுப்பு ஓடையை ஒட்டி, ஒன்பது குழிகள் கொண்ட ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மெயின்லேண்டில் பெரிய மைதானங்களைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் மாட்டுக்குப் புல் வளர்க்கிறீர்களா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். ஷாதிபூரில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கும் ஜெகநாதனாகிய எனக்கு, காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போய் நிற்க அந்த ஒரு இடம்தான் உண்டு. பதினோரு வருஷமாகப் போகிறேன். போனதும் இருப்பதிலேயே நீளமான மட்டையை எடுத்து, உடம்பை முறுக்கி, பந்தை ஓங்கி அடிப்பேன். அது வானத்தில் போய் விழுவதை நாலு பேர் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைதானத்தின் வேலிக்கு அந்தப் பக்கம் மரக்கன்று வளர்க்கும் நர்சரி. அன்றைக்கு நான் அடித்த அடி கோணிக்கொண்டு வேலி தாண்டிப் போய் 'டங்' என்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா, நாற்பத்தெட்டு ஐம்பது வயது இருக்கும், கையெல்லாம் செம்மண்ணோடு, பந்தைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்தார்.

"இது யாரோட பந்து?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் வாயில் சனி. "அங்க ஏன் போய் நிக்கிறீங்க? பந்து வரும்னு போர்டு வச்சிருக்குல்ல?" என்று கத்தினேன்.

"ஒங்க ஓடைப் பக்கமுந்தான் மொதலை இருக்குன்னு போர்டு வச்சிருக்கு. அதைப் படிச்சுட்டு மொதலை ஊரைக் காலி பண்ணிருச்சாண்ணே?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. "ரெண்டு மாசமா பாக்குறேன். தெனமும் அந்த நீளக் கட்டையத்தான் வீசுறீங்க. இன்னிக்கித் தவிர அது நல்லாத்தான் போகுது. கிட்ட வந்து குழிக்குள்ள போடத்தான் ஒங்களுக்கு வரல. வராததைப் பழகாம, வர்றதையே என்னாத்துக்குப் பழகுறீங்க? நல்லா நிக்கிற கன்னுக்கே தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா, வாடுற கன்னு என்னாகும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிராத, நர்சரியில் கூலி வேலை பார்க்கும் ஒரு மஸ்தூர் எனக்குப் பாடம் சொல்வதா? வீட்டுக்கு வந்து சுசீலாவிடம் பொரிந்து தள்ளினேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடி, "அந்தம்மா சாப்பாட்டுக்கு என்ன பண்ணிச்சு?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது குழியும் ஆடியபோது, யாருக்கும் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் ஐம்பத்தெட்டு அடி. அதில் முப்பத்தேழு, குழிக்கு முப்பது தப்படிக்குள் நின்று நான் தடவிய தடவல். நீள மட்டையில் அடித்தது வெறும் ஏழு. அந்த ஏழுக்காகப் பதினோரு வருஷம் காலையில் எழுந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை சுசீலா கட்டிக்கொடுத்த மீன்குழம்புச் சோற்றோடு, தோளில் மட்டைப் பையுமாக நர்சரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். தூக்கை வாங்கிக்கொண்டு, "சோறு எனக்கு, சரி. அந்தக் கட்டைய ஒருக்கா குடுங்க, பாப்போம்" என்றார். அப்படித்தான் விஜயகுமாரி ஆட வந்தார்.

அவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு பாம்பூஃபிளாட் பக்கம் வந்துவிட்டார்கள். கணவர் சுரேந்திரன் மரக்கடையில் வேலை. மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக ஒரு மாமியார். விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு, ஃபெர்ரியில் சாத்தம் துறைக்கு வந்து, பஸ் பிடித்து, ஆறு மணி தாண்டிப் புரோத்ராபூரில் இறங்குவார். ஏழு மணிக்கு நர்சரி. நடுவில் கையில் நிற்பது நாற்பது நிமிஷம். முன்பெல்லாம் அந்த நாற்பது நிமிஷமும் பஸ் ஸ்டாப்பில் சும்மா உட்கார்ந்திருப்பாராம்.

"இந்தப் புல்லுல நிக்கிறப்ப என்னைய யாரும் எதுக்கும் கூப்புட மாட்டாங்கண்ணே" என்று ஒருநாள் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால், நீங்களும் என்னைப் போல் வேறு பக்கம் திரும்பியிருப்பீர்கள்.

ஆனால் மைதானத்துக்கு ஒரு விதி உண்டு. உறுப்பினர் கூட்டிவரும் விருந்தாளி ஆறு மாதம்தான் ஆடலாம். அதற்குள், மழை தொடங்குமுன், ஒன்பது குழியையும் ஐம்பத்துநாலு அடிக்குள் முடித்துக் காட்டினால் சொந்த அட்டை கிடைக்கும். காட்டாவிட்டால் கதவு சாத்திவிடும். மறுபடி ஒரு வருஷம் கழித்துத்தான் வரலாம். ஒரே ஒரு வாய்ப்பு. செயலாளர் பாலசுப்பிரமணியம் விதியை இம்மியும் வளைக்காத மனிதர். நான் கெஞ்சிப் பார்த்தேன். "ஜெகநாதன், உங்களையே நான் மூணாவது தடவைதான் பாஸ் பண்ணினேன்" என்று எல்லார் முன்னாலும் ஞாபகப்படுத்தினார்.

அட்டை இல்லையென்றால் விஜயகுமாரிக்கு மறுபடியும் பஸ் ஸ்டாப்தான்.

முதல் தடவை ஒன்பது குழியும் ஆடியபோது அவர் எடுத்தது எழுபத்தொன்று. ஒவ்வொரு அடிக்கும் ஒரு படாக் மரத்து விதையைப் பையில் போட்டுக்கொண்டே வந்தார். தூரத்து அடி என்றால் இடது பை, குழிக்குப் பக்கத்து அடி என்றால் வலது பை. முடிந்ததும் புல்லில் கொட்டி எண்ணினார். இடது பையில் முப்பது. வலது பையில் நாற்பத்தொன்று.

"தீக் ஹை, சரிதான். சீக்கு எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அன்றிலிருந்து நாற்பது நிமிஷத்தில் முப்பது நிமிஷம், குழிக்கு முப்பது தப்படியில் நின்று சின்ன இரும்பு மட்டையால் பந்தைத் தூக்கிப் போடுவார். மீதிப் பத்து நிமிஷம், கை நீளத் தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டுவார். நீள மட்டையைத் தொடவே மாட்டார். வருகிறவன் போகிறவனெல்லாம் யோசனை சொன்னான், என்னையும் சேர்த்து. "தூரமா அடிக்கத் தெரியாம என்னம்மா கோல்ஃப்?" என்று நான் கேட்டால், "இருக்கிறது நாப்பது நிமிசம். அதுல ஆசைக்கு எங்கண்ணே எடம்?" என்பார்.

அவரோடு நின்று நானும் உருட்டப் பழகினேன். மார்ச் மாதம், பதினோரு வருஷத்தில் முதன்முறையாக, ஐம்பதுக்குக் கீழே ஆடினேன். அன்றைக்குக் கடையில் ஒருவரையும் நான் திட்டவில்லை என்று வேலையாட்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இங்கே எங்கள் மைதானத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுப் பந்து மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். அடித்தால் பாதி ஓடைக்குள் போய்விடும். அதனால் பயிற்சிக்கு யாரும் புதுப் பந்து எடுப்பதில்லை. புல் வெட்டும் அன்பழகன் தண்ணீர் வற்றும் நேரத்தில் ஓடைச் சேற்றை வாரியால் வாரி, மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த பந்துகளை எடுத்து ஒரு வாளியில் போட்டு வைப்பார். பயிற்சியெல்லாம் அந்த வாளிப் பந்தில். புதுப் பந்து போட்டி நாளுக்கு மட்டும், தீபாவளிச் சட்டை மாதிரி. நான் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, நர்சரி விடுமுறை நாள், காலை ஏழு மணிக்கு விஜயகுமாரியின் ஆட்டம். அடிகளைக் குறித்து வைத்துக் கையெழுத்துப் போடும் வேலை எனக்கு. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சென்னையிலிருந்து வரவழைத்து வைத்திருந்த மூன்று புதுப் பந்துகள் கொண்ட டப்பாவைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் இரண்டு குழியும் பதினொன்றில் முடிந்தன. இரண்டிலும் கிட்டத்து அடிகள் கொஞ்சம் கூடுதலாக ஓடின. பதற்றம் என்று நினைத்தேன். மூன்றாவது சின்னக் குழி. இரண்டு அடியில் கிட்டே வந்துவிட்டார். அவருக்குக் கைவந்த சின்ன மட்டையால், தினமும் அடிக்கிற அதே அளவில்தான் அடித்தார். பந்து குழிக்கு மேலே பறந்து, கொடியைத் தாண்டி, நேராகச் சதுப்புக்குள் போய்விட்டது. அதற்கு ஒரு அடி அபராதம். இரண்டாவது புதுப் பந்தை எடுத்து மறுபடி அடித்தார். அதுவும் தாண்டி ஓடியது. திருப்பி அடித்தது இந்தப் பக்கம் ஓடியது. ஐந்தில் முடிக்க வேண்டியதை எட்டில் முடித்தார்.

"காத்தும்மா. இந்த மூணாவது குழியில காத்து எப்பவுமே இப்படித்தான்" என்றேன். எங்கள் மைதானத்தில் சின்னக் குழந்தைகூட அதைச் சொல்லும். போட்டி நாள் வந்தால் நாங்கள் எல்லாரும் அங்கே தாண்டி அடிப்போம், காற்றைத் திட்டுவோம்.

விஜயகுமாரி ஓரமாக நின்ற தென்னையைப் பார்த்தார். ஒரு ஓலைகூட அசையவில்லை. பிறகு கையிலிருந்த பந்தை அமுக்கிப் பார்த்தார்.

"காத்து எங்கண்ணே இருக்கு? இந்தப் பந்துதான் ஓடுது. தண்ணியில ஊறுன என் பந்து விழுந்தா அங்கேயே உக்காரும்."

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு பந்தில் பழகி வேறு பந்தில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம். அதைவிட, ஐந்து மாதம் வாளிப் பந்தில் கை பழகிய மனுஷிக்கு, அன்பு காட்டுகிறேன் பேர்வழி என்று, நான்தான் குழி தோண்டியிருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

"அடுத்த குழிக்குப் பந்தை மாத்தலாமா? ரூல் இருக்கா?"

"ஒரு குழி முடிஞ்சு அடுத்தது தொடங்கும்போது மாத்தலாம்."

அவர் இடுப்புப் பையிலிருந்து ஒரு வாளிப் பந்தை எடுத்தார். பழுப்பேறி, ஒரு பக்கம் சொறி பிடித்த பந்து. "கோவிச்சுக்காதீங்கண்ணே" என்று வேறு சொன்னார். கோபமா! அவர் காலில் விழாத குறைதான்.

அதற்குப் பிறகு அந்தச் சொறிப் பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. நூறு தப்படிகூடத் தாண்டாது. ஆனால் போட்ட இடத்தில் உட்கார்ந்தது. ஒன்பதாவது குழியைத் தொடங்கும்போது நாற்பத்தெட்டு ஆகியிருந்தது. ஆறு பாக்கி. அதுவோ எங்கள் மைதானத்திலேயே நீளமான குழி. நாலு அடி அடித்து, குழிக்கு முப்பது தப்படியில் வந்து நின்றார். இரண்டே அடிதான் மிச்சம். அந்தப் பக்கம் பாலசுப்பிரமணியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்பழகன் புல் வெட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டார்.

விஜயகுமாரி எங்களில் யாரையும் பார்க்கவில்லை. தினமும் காலையில் நிற்பதைப் போலவே நின்றார். தூக்கிப் போட்டார். பந்து விழுந்து, இரண்டு முறை துள்ளி, குழிக்கு ஒரு கை நீளத்தில் உட்கார்ந்தது. நடந்து போய், குனிந்து, உருட்டினார். உள்ளே போய்விட்டது.

மூன்று தடவை கூட்டினேன். மூன்று தடவையும் ஐம்பத்துநாலுதான் வந்தது. என் கண் மறைத்ததால் பாலசுப்பிரமணியம் சீட்டை வாங்கி அவரே ஒருமுறை கூட்டினார். "ஏக்தம் கரெக்ட்" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே அட்டையில் பெயரை எழுதினார். விஜயகுமாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரேஷன் கார்டுல அவரு பேருக்குக் கீழ இருக்கேன். இதுல நான் மட்டுந்தான் இருக்கேன்" என்றார்.

மறுநாள் காலை நான் போனபோது அவர் எனக்கு முன்பே உள்ளே இருந்தார். அன்பழகனிடம் நீள மட்டை ஒன்றை இரவல் வாங்கியிருந்தார். முதல் வீச்சு பந்தில் படவே இல்லை. அடுத்தது இருபது தப்படி உருண்டது. மூன்றாவது ஓடைப் பக்கம் கோணிக்கொண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் சின்னப் பெண் மாதிரி வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது?" என்றேன்.

"இன்னிக்கி விதையுமில்ல எண்ணிக்கையுமில்லண்ணே. இனி நாளைக்கும் வரலாம்ல? அதான் ஆசைக்கு அடிக்கிறேன்."

பிடி தப்பு, நிற்பது தப்பு, தோள் தப்பு. எல்லாம் எனக்குத் தெரிந்தது. நாற்பது நிமிஷமும் அவர் அடித்தார். நான் ஒரு வார்த்தை யோசனை சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.