அண்ணனுக்கு நான் கொடுத்தனுப்பிய எண்ணெய்

இதை எழுத உட்காருவதும், பாதியில் எழுந்து போவதுமாக நான்கு வருடம் கழிந்துவிட்டது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான்; எழுத வராது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம்தான். ஆனாலும் எங்கள் ஊரான காரோட்டில் என் அண்ணனைப் பற்றி ஒரு கதை நடக்கிறது; அது நடந்த கதை இல்லை. அதனால் ஜெபம் பண்ணிவிட்டு எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் வருவது போன் திரையில் பார்த்த அந்த டிவி டிஷ்தான். சாம்பல் நிறம், விளிம்பில் ஒரு சின்ன நெளிவு, அதன் அடிப்பாதியில் வெள்ளையாகக் குவிந்த பனி. அண்ணன் கையில் வாரியல் துடைப்பத்தோடு நின்று அதைக் காட்டினான். "பிள்ளே, இங்க மானத்துல இருந்து புட்டுமாவு கொட்டுது பாரு. ஒனக்கு நாலு கிலோ குடுத்தனுப்பட்டா?" என்றான். கடலில் வள்ளம் தள்ளி வளர்ந்தவன். மைனிக்கு, அதாவது அவன் மனைவிக்கு, குளிர்நாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தபோது கூடவே போனான். "பெண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுட்டு பிளேன் ஏறினவன்" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். அவன் கோபப்பட்டதே இல்லை. "பிடிக்க முந்தானை உள்ளவன் பிடிக்கான், ஒங்களுக்கு என்ன?" என்று சிரிப்பான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தான்.

மைனி குளத்தூர்க்காரி, வாய் ஓயாமல் பேசுகிறவள். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும்போது பக்கவாதம் வந்து விழுந்தாள். வலது கை போனது, பேச்சும் போனது. தண்ணீர் என்று கேட்கக்கூட வாய் வராது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. காலையில் டிவியில் தமிழ்ப் பூசை வரும்போது, குருவானவர் சொன்னதும் இவள் வாய் தானாகத் திறந்து, "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று தெளிவாகப் பதில் சொல்லும். பூசை முடிந்தால் வாயும் மூடிக்கொள்ளும். போனில் பாட்டு, ஜெபம் எல்லாம் போட்டுப் பார்த்தான். அதற்கு அவள் முகம்கூடத் திருப்பவில்லை. அவர்கள் வீடு ஊருக்கு வெளியே. இணையம் எங்களோடு விட்டுவிட்டுப் பேசத்தான் போதும். ஆகவே அந்த டிஷ்தான் அவளுக்கு நாக்கு. பனி விழுந்து மூடினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், அவளும் நின்றுபோவாள். ஒரு நாளில் அவன் மனைவியின் குரலைக் கேட்கிற நேரம் அந்த அரை மணிதான். அதற்காகத்தான் தினமும் விடிந்ததும் ஏணி வைத்து ஏறி, மாடிச் சன்னலுக்கு மேலே இருந்த அந்தச் சட்டியைத் தூத்துப் பனியைத் தள்ளினான்.

அங்கே காலைப் பூசை முடிகிற நேரம், இங்கே எங்களுக்கு மாலை ஜெபமாலை முடிகிற நேரம். முடிந்த கையோடு போன் வரும். அந்த வருடம் பனி அதிகம். "தூத்து கீழே இறங்கதுக்குள்ள பின்னயும் மூடுது பிள்ளே. அவ பாதியில நிறுத்திட்டு என்னயப் பாக்கா" என்றான் ஒரு நாள். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. என் மனசு தாங்கவில்லை. எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. பரிசுத்த ஆவி தந்தது என்றே நினைத்தேன்.

"அண்ணே, தேங்காண்ண தேய்ச்சுப் பாருங்கோ. வழுக்கி விழுந்துரும். அப்பா வள்ளத்துக்குத் தேய்ப்பாரே, தண்ணி ஒட்டாதே, மறந்து போச்சா?"

"அது மீன்நெய் ஆக்கும் பிள்ளே."

"எண்ண எண்ணதானே அண்ணே!"

அவன் மறுக்கவில்லை. நான் சொன்னதை அவன் என்றைக்கும் மறுத்ததில்லை. திருப்புறத்துக்காரியான ஒரு நர்ஸ் விடுமுறை முடிந்து அதே ஊருக்குத் திரும்பினாள். எங்கள் வீட்டுத் தேங்காயை மில்லில் ஆட்டி, இரண்டு குப்பி நிறைத்து, ஒரு குப்பியின் கழுத்தில் ஜெபமாலையும் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். அது மார்கழி. அன்று காலையிலும் தலைக்குத் தேய்க்க என் வீட்டுக் குப்பியை வெயிலில் வைத்துத்தான் எண்ணெயை உருக்கினேன். நம் ஊர்க் குளிருக்கே கட்டியாகிற எண்ணெய், உறைபனியில் என்ன ஆகும்? இந்தக் கேள்வி என் மண்டையில் ஏறவே இல்லை. குப்பியை என் கையாலேயே வெயிலில் வைத்தேன், அப்போதும் ஏறவில்லை.

வீட்டுக்குள் சூடு இருப்பதால் எண்ணெய் அங்கே இளகியே இருந்திருக்கிறது. துணியில் முக்கி டிஷ் முழுக்கப் பூசினான். மறுநாள் போனில், "எண்ண மெழுகுதிரி ஆயாச்சு பிள்ளே" என்றான். வெள்ளையாகக் கட்டிபிடித்து, அதன் மேல் பனி கோந்து போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. வாரியலுக்கு அசையவில்லை. இரண்டு நாள் படம் இல்லை. மைனி இரண்டு நாளும் ஊமை. அதற்கும் நானே வழி சொன்னேன். "குப்பியில கட்டியானா சூடு தண்ணியிலதானே வைப்போம்? கெட்டில்ல கொதிக்க வச்சு ஊத்துங்கோ."

ஊற்றினான். எண்ணெய் உருகி, பனியையும் இழுத்துக்கொண்டு வழிந்துவிட்டது. படம் வந்தது. அன்று போனை மைனி பக்கம் திருப்பிப் பிடித்தான். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று அவள் சொன்னதை நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எல்லோருமாகக் கேட்டோம். நான் அழுதேன். "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கணும் மக்கா" என்றான். என் அண்ணன் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது.

ஊற்றிய தண்ணீர் சுவரில் வழிந்து ஏணி வைக்கிற இடத்தில் தேங்கி, கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அதன் மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டது. மறுநாள் காலை அதன் மேல்தான் ஏணியை வைத்திருக்கிறான். இங்கே ஜெபமாலை முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த நாள் காலையில் அந்த நர்ஸ்தான் அழைத்தாள். ஏணி சறுக்கி, பின்மண்டை வாசல்படியில் அடித்திருக்கிறது. உள்ளே மைனி நாற்காலியில் இருந்தாள். கூப்பிட அவளுக்கு வாய் இல்லை. மதியம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்வரை அவன் வெளியே கிடந்தான், அவள் உள்ளே இருந்தாள். பனிக்கு அடியில் இருந்த ஐஸை அந்த மனிதர்தான் நர்ஸுக்குக் காட்டினாராம்.

இங்கே கோயிலில் நினைவுத் திருப்பலி நடந்தது. பூசைக்காக உயிர் கொடுத்தவன் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். நல்ல மனசோடு சொன்னார். அது வாய் மாறிப் போகப்போக வளர்ந்தது. அவன் விழுந்த நிமிடத்தில் டிவியில் படம் தானாக வந்ததாம், மைனி எழுந்து நின்று முழுப் பூசைக்கும் பதில் சொன்னாளாம். என்னிடமே வந்து ஒரு அக்கா கண்கலங்கி, "ஒங்க குடும்பத்துக்குக் கிடைச்ச அற்புதம் ஆக்கும் மோளே" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எண்ணெயையும் சொல்ல வேண்டும், வெந்நீரையும் சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னேன். அது பாவம் இல்லை, அறியாமை என்றார் சாமியார். மன்னிக்க அங்கே ஒன்றும் இல்லையாம். அப்படியானால் இந்தப் பாரத்தை நான் எங்கே கொண்டு இறக்குவேன்?

மைனி இப்போது அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த நர்ஸ் போனை அவள் காதில் வைப்பாள். நான் பூசையில் குருவானவர் சொல்வதைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். மூச்சு கேட்கும். பதில் வந்ததில்லை. இனி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆண்டவர் இருக்கிறார் என்பதை ஒருநாளும் சந்தேகித்ததில்லை; ஆனால் இந்த விஷயத்தில் அவர் என்னிடம் பேசவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், தயவுசெய்து இருக்கிறபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எண்ணெயை விட்டுவிட வேண்டாம். கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றையும் சேர்க்கவும் வேண்டாம். படம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போனபோது, சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் டிவியில் நின்றதாம். மைனி வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாளாம்.