ஏணிக்குப் பயந்தவன் நட்ட டிஷ்

சாட்டிலைட் இன்டர்நெட் மாட்டுகிற தொழிலில் முதலில் பார்க்க வேண்டியது ஆகாயத்தை, அப்புறம் கூரையை, கடைசியாக ஏணியை. நான் மட்டும் ஏணியைத்தான் முதலில் பார்ப்பேன். மூன்றாவது படியிலேயே எனக்குக் கால் டைப் அடிக்க ஆரம்பித்துவிடும். உயரத்துக்குப் பயந்துகொண்டே உயரத்தில் பிழைப்பு நடத்தும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மலைமேல் காந்தல் என்கிற ஊரில் இருக்கிறேன். வெளிநாட்டுக் கல்வி அறக்கட்டளை ஒன்று எஸ்டேட் பள்ளிகளுக்கு அனுப்பும் டிஷ்களை மாட்டித் தருவது என் வேலை.

ஆகாயத்தின் ஆபீஸ் நேரம்

டிஷ் வேண்டும் என்றால் பள்ளிக்கு மேலே தெரிகிற ஆகாயத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எமரால்டு என்கிற ஊருக்கு மேலே ஒரு பள்ளி; அங்கே ஒரே டீச்சர், செல்வி. பாடங்களைப் போனில் இறக்குவதற்குத் தினமும் சாயங்காலம் மலை உச்சிவரை நடக்கிறவர். அவர் அனுப்பிய ஏழு போட்டோவும் மூடுபனியில் வெள்ளை வெளேர். 'வெற்றுக் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்' என்று பதில் வந்ததாம்.

இரண்டு வருஷம் கழித்து அனுமதி கிடைத்தது, ஒரு கண்டிஷனோடு. டிஷ் பெட்டியைப் பிரித்து ஏழு நாளைக்குள் சிக்னல் கிடைத்துப் பச்சை விளக்கு எரியாவிட்டால் அது வேறு பள்ளிக்குப் போய்விடும். எப்போது வரட்டும் என்று கேட்டதற்கு டீச்சர் உச்சியிலிருந்து போனில் சொன்னார்: "ஏனுங்க சார், இங்க ஆகாயம் ஒம்பது மணிக்கு வந்துட்டு பத்து மணிக்குப் போயிருமுங்க, அதுக்குள்ள வந்துருங்க."

எப்போது கொழுந்து?

பள்ளிக்குத் தகரக் கூரை. பத்தடி உயரம். அண்ணாந்து ஒரு தரம் பார்த்துவிட்டு ஏணியை ஜீப்பிலேயே விட்டுவிட்டேன். "தரையில வச்சாத்தாங்க சிக்னல் நல்லா நிக்கும்" என்று விஞ்ஞானம் பேசிவிட்டு, பக்கத்தில் புதிதாகத் தேயிலை நாற்று நட்டிருந்த இடத்தின் ஓரத்தில் குழி தோண்டிக் கம்பத்தை நிறுத்தி, டிஷ்ஷை மாட்டினேன். சிமென்ட் காய்ந்த பிறகு சிக்னலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

நாற்றைக் கவனிக்கிற முத்தையா, சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். நான் செய்வதையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டார்: "நடுறது சரி தம்பி, இதுல எப்ப கொழுந்து எடுக்கலாம்?"

பெரணிப் போர்வை

மறுநாள் காலை போனால் டிஷ்ஷைக் காணோம். ராத்திரி உறைபனி. நாற்று கருகாமல் இருக்கப் பெரணித் தழையைப் போட்டு மூடி, விடிவதற்குள் தண்ணீர் தெளிப்பது இங்கே வழக்கம். நாற்று வரிசையின் ஓரத்தில் ஒரு பெரிய தழைக் குவியல் இருந்தது, அதுதான் நம்முடையது. அதற்கும் இரண்டு குடம் தண்ணீர் கிடைத்திருக்கிறது. சிமென்ட் கரைந்து, கம்பம் குனிந்து கும்பிட்டுக்கொண்டு நின்றது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். முத்தையா முந்திக்கொண்டார்: "எல்லாத்துக்கும் போத்திட்டு இத மட்டும் பனியில விடச் சொல்றீங்களா தம்பி, இதுவும் பச்சப் புள்ளதானே?"

முதுகு அரித்தால்

கல்லெல்லாம் போட்டு மறுபடியும் நட்டேன். ஐந்தாம் நாள் சிமென்ட் நன்றாக இறுகியிருக்கும் என்று போனேன். ஒரு காட்டுமாடு கம்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அது நிதானமாகச் சொறிந்து முடித்துப் போனபோது கம்பம் ஒரு பக்கம், டிஷ் ஒரு பக்கம்.

செல்வி டீச்சர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, வெட்கமாகப் போய்விட்டது. மெதுவாகத்தான் சொன்னார்: "கூரை மேல மாடு ஏறாதுங்க சார்."

ஏழாம் நாள்

என் இடுப்பில் கயிறு கட்டி, அதைக் கூரைக்கு மேலே எறிந்து, மறுபக்கம் கொழுந்து பறிக்கிற அக்காக்கள் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். வழக்கம்போல மூன்றாம் படியில் கால் டைப் அடித்தது. இறங்கிவிடலாம் என்று கீழே பார்த்தால், கீழே ஒன்றுமே இல்லை. மூடுபனி, இங்கத்துப் பேச்சில் மிஸ்ட்டு, வந்து தரையை மூடிவிட்டது. தரை தெரியாததும் பயமும் போன இடம் தெரியவில்லை. கிடுகிடுவென்று ஏறினேன். டிஷ்ஷை மாட்டி, திருப்பி, சிக்னலைப் பிடித்துவிட்டேன். அதற்கு மிஸ்ட்டு ஒரு தடையே இல்லை. பச்சை விளக்கைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தகரமே அதிர்ந்தது. நடுவில் டீச்சர் சிரிக்கிற சத்தமும் கேட்டது. இனி அவர் உச்சிக்கு நடக்க வேண்டாம்.

அந்த நேரம் பார்த்து மிஸ்ட்டு விலகியது. தரை தெரிந்தது. தகரத்தை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு அக்கா முதுகில் கூடையோடு விறுவிறுவென்று ஏறி வந்து, டீ டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். ஏணியடியில் நின்ற செல்வி டீச்சர் சொன்னார்: "அவசரமில்லீங்க சார், நாலு மணிக்கு மறுபடி மிஸ்ட்டு வருமுங்க, அப்ப எறங்கிக்கலாம்."

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற சாட்டிலைட்டைப் பிடித்தவனுக்கு, பத்தடிக்குக் கீழே இருந்த தரை மட்டும் சாயங்காலம்வரை எட்டவேயில்லை.