துணியைத் தூக்கிய காற்று

இரண்டு விமானங்கள் ஒரே மண் பாதையில் எதிரெதிராக இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றில் என் தம்பி யூசுப். அப்படி இறங்க வைத்த பாவி நான். சகோதரர்களே, இதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஐம்பத்தொன்பதோ அறுபதோ, ஆடி மாதம். ஜவ்வாது மலையடிவாரத்தில், படவேட்டுப் பக்கம், கரும்புக்கு மருந்து தெளிக்க இரண்டு சின்ன விமானங்கள் வந்திருந்தன. யூசுப் அவற்றுக்கு மெக்கானிக். அவன் சொல்லித்தான் எனக்கும் அங்கே வேலை. வழி சொல்ல கோபுரம் கிடையாது, ரேடியோ கிடையாது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். எந்தப் பக்கமாக இறங்குவது என்று காட்ட, பாதை ஓரத்தில் பெரிய வெள்ளைத் துணியை அம்புபோல விரித்துக் கல் வைத்திருப்போம். துணி இல்லையென்றால் இறங்கக் கூடாது. அந்தத் துணிக்கு நான்தான் பொறுப்பு.

அதற்கு முன் வாணியம்பாடியில் பல வருஷம் தோல் காயவைத்தவன் நான். காற்று திரும்பினால் யாரையும் கேட்காமல் தோலைத் திருப்பிப் போடுவோம். கை அப்படியே பழகிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். மலையிலிருந்து வீசிய காற்று சட்டென்று மலையை நோக்கித் திரும்பியது. கூட இருந்த ஆள் தண்ணீருக்குப் போயிருந்தான். நான் தனியாகவே துணியை இழுத்துத் திருப்பிவிட்டேன். வானத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லை!

முன்பிருந்த துணியைப் பார்த்துவிட்டு எஞ்சினைச் சோதிக்க யூசுப் பைலட்டோடு ஏறிப் போயிருந்த விமானம் கரும்புப் பக்கமிருந்து இறங்கியது. திருப்பிய துணியைப் பார்த்து மற்றது மலைப் பக்கமிருந்து இறங்கியது. மூக்கைத் தூக்கி இறங்கும் விமானம் அது, ஓட்டுகிறவருக்கு நேர் எதிரே தெரியாது. கத்தினேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? துணியை எடுத்துவிட ஓடிப்போய்க் கற்களை உதைத்துத் தள்ளினேன். துணி அசையவில்லை. தடுக்கிக் குப்புற விழுந்தேன். "யா அல்லாஹ், தப்பு என்னுது. அவன எடுத்துக்காதே" என்று மண்ணில் கிடந்தபடியே கதறினேன்.

அப்போது வந்தது பாருங்கள் ஒரு காற்று! துணி முழுவதையும் அப்படியே வாரித் தூக்கியது. துணி பறந்ததை இரண்டு பைலட்டுகளும் பார்த்தார்கள். இரண்டு விமானங்களும் உறுமிக்கொண்டு எழும்பின. எதிரே வருகிறவனைக் கண்டதும் அவரவர் வலப்பக்கம் ஒடித்தார்கள். நடுவில் ஒரு பனைமர உயரம்கூட இடைவெளி இல்லை. தப்பிவிட்டார்கள்! அல்ஹம்துலில்லாஹ்!

இறங்கி வந்த பெரிய பைலட்டிடம் நானே போய்ச் சொன்னேன்: "மேல பாக்காம திருப்பிட்டேங்க. என் தப்புங்க." வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் பறந்துபோய்க் கிடந்த துணியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பிறகு, "நாளைக்கும் நீயே போடு. மேல பாத்துட்டுப் போடு" என்றார்.

யூசுப் சிரித்துக்கொண்டே வந்தான். "இன்னாண்ணா, தொவைக்கப் போட்டுட்டியா துணிய?" என்றான். அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதுவரை வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசல் பக்கம் எட்டிப் பார்த்தவன் நான். அன்றிலிருந்து ஒரு வேளைத் தொழுகையும் விட்டதில்லை. உங்களுக்கும் இடுக்கண் வரும். சுத்தமாகி, நல்ல வார்த்தை தேடி, பிறகு கேட்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்று நான் கைகால் கழுவி ஒளு செய்திருக்கவில்லை, தொழ வேண்டிய கிப்லா திசை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, வாய் நிறைய மண். அப்படியும் அல்லாஹ் என் குரலைக் கேட்டான்.