இரட்டை அடைப்புக்குறி

அந்த விளையாட்டில் படமே கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும். எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒரு கற்பனைத் துறைமுகத்தில் வாழ்வோம். பாத்திரம் பேசுவதையும் செய்வதையும் தட்டெழுதினால் மற்றவர்கள் படிப்பார்கள். அவ்வளவுதான் ஆட்டம். பொத்தேரியில் படிப்பு முடித்து வேலை தேடிய நாட்களில், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரௌசிங் சென்டரில் இதற்காகத் தவம் கிடந்தேன். வீட்டில் யாருக்கும் இதை விளக்க முடிந்ததில்லை.

விளையாடியதோடு சும்மா இருந்தேனா? நிர்வாகிகளில் ஒருவனாகவும் ஆனேன். இப்படிப்பட்ட விளையாட்டுகளைப் பட்டியலிடும் தளம் ஒன்று, எங்களுடையது எந்த வகை என்று கேட்டது. பாத்திரமாக நடித்தால் நல்லது என்பது ஒரு வகை. நடித்தே ஆகவேண்டும் என்பது அடுத்தது. மூன்றாவது படுகறார்: சொந்தப் பேச்செல்லாம் இரட்டை அடைப்புக்குறிக்குள், அதற்கு வெளியே எழுதுவது எதுவானாலும் கதை என்றே கொள்ளப்படும். மூன்றாவதற்காக நான்தான் மல்லுக்கு நின்றேன். கடைசியில் இன்னொரு கேள்வி இருந்தது. ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அவருடைய பாத்திரம் சாகலாமா? கூடாது என்று குறித்தேன்.

எங்கள் துறைமுகத்தில் ஓடக்காரர் ஒருவர் இருந்தார். நான் சுங்க அதிகாரி. ஒருநாள் கை தவறி, அடைப்புக்குறிக்கு வெளியே ‘அய்யோ’ என்று அடித்துவிட்டேன். விதி போட்டவனே விதியை மீறினேன். ஓடக்காரர் யாரிடமும் போட்டுக் கொடுக்கவில்லை. ‘((மச்சான், நீ நம்மூரா?))’ என்று மட்டும் ஆங்கில எழுத்தில் கேட்டார். அவர் மாமல்லபுரத்தில் கடலோரம் ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து வருகிறவர். அதன் பிறகு அடைப்புக்குறிக்குள் தினமும் எங்கள் அரட்டை நடந்தது. நாஸ்தா என்ன, மழை உண்டா, வேலை கிடைத்ததா. பெயர் மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. நிஜப்பெயர் கேட்கக் கூடாது என்பதும் நான் எழுதிய விதிதான்.

2004 டிசம்பரின் கடைசி ஞாயிறு, காலை. துறைமுகத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சிலரும் இருந்தார்கள். ஓடக்காரர் ஆங்கிலத்தில் எழுதினார்: கடல் பின்னால் போய்விட்டது, பார்த்தே இராத பாறைகள் தெரிகின்றன, எல்லோரும் பார்க்க ஓடுகிறார்கள். அடைப்புக்குறி இல்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிர்வாகியைக் கேட்காமல் கடலை நகர்த்த இவர் யார்? விதி எண்ணோடு நீளமாக ஓர் எச்சரிக்கை அடித்து அனுப்பினேன். என் திமிரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. அவர் அதை உட்கார்ந்து படித்திருக்கிறார்.

‘மச்சான், நெஜமாவே கடல் உள்ள போயிட்ச்சு’ என்று பதில் வந்தது. இந்த முறை தமிழ். அப்போதும் அடைப்புக்குறி இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடைப்புக்குறி எங்கே என்று கேட்டேன். அவருடைய இணைப்பு அறுந்துவிட்டதாகத் திரை சொன்னது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் டீக்கடை டிவியில் கடல் ஊருக்குள் புகுந்ததைக் காட்டி, சுனாமி என்றார்கள். கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் நான் எழுதியதைப் படிக்க அவர் எத்தனை நொடி உட்கார்ந்திருந்தார் என்ற கணக்கு மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.

பஸ் ஓடத் தொடங்கியதும் மாமல்லபுரம் போனேன். கடலோரம் ஒரே ஒரு சென்டர்தான் இருந்தது. நனைந்த கம்ப்யூட்டர்களை அதன் முதலாளி வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தார். தினமும் வருவாரே, ஓடக்காரர் என்றேன்.

“படகு ஓட்றவரா? இங்க பாதிப் பேரு படகுதான் சார் ஓட்றாங்க. பேரு இன்னா, சொல்லு.”

எனக்குத் தெரியவில்லை. வயது தெரியவில்லை, முகம் தெரியவில்லை. முதலாளி அடுத்த கம்ப்யூட்டரைத் தூக்கப் போனார்.

ஓடக்காரர் பிறகு வரவே இல்லை. என் மேல் கோபித்துக்கொண்டு விளையாட்டை விட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வராத ஆட்டக்காரரின் பாத்திரம் இருந்த இடத்திலேயே தூங்கும். துறைமுகப் படியில் அவர் தூங்கினார். சில ஆண்டுகள் போனதும், கதையில் ஒரு புயல் வைத்து அவரை முடித்துவிடலாம் என்றார்கள் மற்ற நிர்வாகிகள். சம்மதம் யாரிடம் வாங்குவது என்று கேட்டேன். அதோடு பேச்சை விட்டுவிட்டார்கள்.

சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆளில்லாமல் அந்த விளையாட்டை மூடினோம். கடைசி நாள் சுங்க அதிகாரியை அந்தப் படிக்கு நடத்திக்கொண்டு போனேன். அடைப்புக்குறி போடாமல், ‘மச்சான், ஓடிடு’ என்று அடித்தேன். தூங்கும் பாத்திரத்துக்கு எதுவும் கேட்காது.